அவரோட சட்டையை வெட்டித் தைக்கலாமா?

கேள்வி: என் கணவர் இறந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. இப்ப டெக்சாஸ்ல மகளோட இருக்கேன். இங்க சர்ச்ல லேடீஸ் எல்லாம் வாரா வாரம் உக்காந்து குவில்ட் தைக்கிறாங்க. அவர் சட்டைங்களைக் கொண்டு வாங்க, ஒட்டுப் போட்டு போர்வையா தைச்சிடலாம்னு கூப்பிடுறாங்க. பாளையங்கோட்டையில இருக்கிற என் தங்கச்சியோ, இறந்தவங்க துணியை வச்சுக்கிட்டு அழறது விசுவாசக் குறைவு, ஏழைங்களுக்குக் குடுத்துடுன்னு சொல்றா. எனக்கு ஜெபம் பண்ணவே வரமாட்டேங்குது. என்ன செய்யட்டும்? (ஒரு வாசகி)

பதில்: தாராளமா தைங்க சிஸ்டர்.

உங்க தங்கச்சி 1 தெசலோனிக்கேயர் 4:13-ஐ மனசுல வச்சுதான் சொல்லியிருப்பாங்க. நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி துக்கப்படாதீங்கன்னுதான் பவுல் எழுதினார், நம்ம ஆளுங்க அதைப் பாதியில வெட்டி துக்கமே படாதீங்கன்னு ஆக்கிட்டாங்க, துக்க வீட்டுக்கு வந்து காபி குடிச்சிட்டு இதைச் சொல்லிட்டுப் போறவங்களைப் பாத்தா எனக்குக் கோவம்தான் வருது. அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தை எடுத்துப் படிங்க. யோப்பாவுல தொற்காள் இறந்து மேல்வீட்டுல கிடத்தியிருக்காங்க, பேதுரு வந்து நிக்கிறார், விதவைங்க எல்லாம் அழுதுக்கிட்டே அந்தம்மா தைச்ச அங்கிகளை எடுத்து எடுத்து அவர்கிட்ட காட்டுறாங்க. இது விசுவாசக் குறைவுன்னு பேதுரு ஒரு வார்த்தை சொல்லலையே. முழங்கால் போட்டு ஜெபம்தான் பண்ணார்.

நீங்க இருக்கிற நாட்டுலயே நடந்த ஒண்ணு சொல்றேன். அலபாமாவுல கீஸ் பெண்ட்னு ஒரு ஊர், மூணு பக்கமும் ஆறு வளைஞ்சு ஓடும், பருத்தித் தோட்டத்துல அடிமையா இருந்தவங்க வம்சம்தான் அங்க, அங்க நிறைய பேருக்கு இருக்கிற பெட்வேங்கிற குடும்பப் பேரே பழைய முதலாளியோட பேர். 1942-ல மிசௌரி பெட்வேங்கிற அம்மாவுக்கு புருஷன் மாசக்கணக்குல நோயா கிடந்து இறந்துட்டார். அவர் காட்டுல போட்டுக்கிட்டிருந்த வேலைத் துணி அத்தனையும் எடுத்து, இதைக் குவில்ட்டா தைச்சு அவர் நினைப்போட போத்திக்கிட்டு படுக்கப் போறேன்னு சொன்னாங்களாம். கூட இருந்து துணியைக் கிழிச்சுக் குடுத்த மகள் ஆர்லோன்சியா பின்னாடி சொன்னது இது. பேன்ட் கால் கீழ குறுகல் மேல அகலம் இல்லையா, அதை வெட்டி ஒரே அளவு பட்டையா ஆக்கறதுதான் மகளோட வேலை. அந்த ஊர் குவில்ட்டுங்க 2002-ல ஹூஸ்டன் மியூசியத்துக்கும் அப்புறம் நியூயார்க்குக்கும் போச்சு, 2006-ல ஸ்டாம்ப்லயே வந்துச்சு. சிலதுல பாக்கெட்டைப் பிரிச்ச இடம் மட்டும் வெயில் படாம கருநீலமா அப்படியே தெரியும், அதை யாரும் மறைக்கலை.

ஏன் இவ்வளவு சொல்றேன்னா, கர்த்தர் என்னை சீர்படுத்தினா நான் பழையபடி ஆயிடணும், ஆகலைன்னா என் விசுவாசத்துல ஏதோ கோளாறுன்னு நீங்க நினைக்கிறீங்கன்னு உங்க லெட்டர்லயே தெரியுது. உயிர்த்தெழுந்து வந்த இயேசுவோட கையிலயே ஆணித் தழும்பு இருந்துச்சே சிஸ்டர், தோமா பாத்தாரே. சங்கீதம் 147:3-லயும் காயங்களைக் கட்டுகிறார்னுதான் இருக்கு, எத்தனை மாசத்துலன்னு போடலை.

ஜெபம் வரலைன்னா விடுங்க, இப்போதைக்கு மத்தவங்க பண்ணட்டும். அங்க நிறைய சர்ச்ல ஜெபக் குவில்ட்னு பண்ணுவாங்க, தொங்கற நூல்ல ஆளுக்கு ஒரு முடிச்சு போடும்போது ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போவாங்க. உங்க குரூப்ல அந்தப் பழக்கம் இருக்கான்னு கேளுங்க. இல்லைன்னா உங்களுக்காகப் பண்ணச் சொல்லிக் கேக்கறதுல வெக்கம் ஒண்ணும் இல்ல.

இனி கத்திரிக்கோல் விஷயம். மத்தேயு 9:16-ல சொன்ன மாதிரி கோடித் துண்டைப் பழசோட சேத்தா அது சுருங்கி பழசைக் கிழிச்சிடும், அதனால அடித்துணி புதுசா வாங்கினா துவைச்சுக் காயவச்சு அயர்ன் பண்ணிட்டு எடுங்க. சட்டை முதுகுலதான் பெரிய துண்டு கிடைக்கும், அங்க ஆரம்பிங்க. தேஞ்ச வேட்டி இருந்தா பின்னாடி இன்டர்ஃபேஸிங் (துணிக்கு பலம் குடுக்க அயர்ன் பண்ணி ஒட்டற மெல்லிசு துணி) ஒட்டுங்க, இல்லைன்னா தையல்ல பிஞ்சிடும். மேல ஒட்டுத் துணி, நடுவுல பஞ்சு, கீழ அடித்துணின்னு மூணு அடுக்கையும் சேத்துத் தைக்கும்போது கசங்காம பிடிக்க அந்த லேடீஸே சொல்லித் தருவாங்க. ஏதாவது ஒரு சட்டையில கை வைக்க மனசு வரலைன்னா அதை வெட்டாதீங்க, யாரும் கணக்கு கேக்கப் போறதில்ல. ஒரு போர்வைக்கு எல்லா சட்டையும் வேண்டாம், மிச்சத்தை நல்லா துவைச்சு ஏழைங்களுக்குக் குடுத்துடுங்க, அந்த விஷயத்துல தங்கச்சி சொன்னது சரிதான்.