ஊரே ஃபேன் மாற்ற வேண்டுமென்றால் எலக்ட்ரீஷியனிடமிருந்து தொடங்குங்கள்

கேள்வி: திங்கள்நகர் பக்கம் எங்கள் மகளிர் குழுக் கூட்டத்தில், கரண்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேனைப் பற்றி எடுத்துச் சொல்கிறோம். எல்லோரும் தலையாட்டுகிறார்கள், யாரும் வாங்குவதில்லை. ஊர் முழுக்க இதை எப்படிச் சீக்கிரம் கொண்டுபோவது?

பதில்: உங்கள் ஊர்க்காரர்களுக்கு விஷயம் புரியாமல் இல்லை. ஃபேன் நின்றுபோனால் யார் சரிசெய்வார்கள் என்ற பயம்தான் தடை, அது நியாயமான பயம். சாதா ஃபேனில் காயில் எரிந்தால் பக்கத்துக் கடையிலேயே கட்டிவிடலாம். பி.எல்.டி.சி.யில் பழுதாவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு. ஐப்பசி இடிமழையில் அது அடிபட்டால், அதே கம்பெனி போர்டு கிடைக்கும்வரை ஃபேன் சும்மா தொங்கும். அதனால்தான் உள்ளூர் எலக்ட்ரீஷியன் "அது வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறார். அவர் சொன்ன பிறகு உங்கள் கூட்டத்தில் பேசியது எடுபடாது.

ஆகவே முதலில் அவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். போர்டு மாற்றும் வேலையைக் கம்பெனி ஆளை வரவழைத்து அவருக்குக் காட்டச் சொல்லுங்கள். பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேரடி இணைப்பு கொடுக்க வேண்டும் என்பதையும் அவர் மனதில் பதிய வையுங்கள். ரெகுலேட்டர் வழியாக ஓட்டினால் போர்டு கெடக்கூடும், பழி ஃபேன் மேல் விழும்.

அப்புறம் கணக்கு. சாதா ஃபேன் சுமார் 75 வாட், பி.எல்.டி.சி. சுமார் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 32 யூனிட் மிச்சம். இந்த எண்ணைப் பொதுவாகச் சொல்லாதீர்கள், ஒவ்வொருவர் இபி பில்லையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நம் வீட்டுக் கட்டண அடுக்கில் இரண்டு மாத ரீடிங் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் கட்டணம் ஏறிவிடுகிறது. 540 காட்டும் வீட்டில் இரண்டு ஃபேன் மாறினாலே ரீடிங் 500-க்குக் கீழே வந்துவிடும். முதலில் மாற வேண்டிய வீடுகள் இவைதான். ராத்திரி முழுக்க ஓடும் படுக்கையறை ஃபேன் முதலில், எப்போதாவது சுற்றும் முன்னறை ஃபேன் கடைசியில். கிணற்று மோட்டாரை இப்போதைக்கு விடுங்கள், தினம் அரை மணி ஓடுவதில் பெரிய லாபம் இல்லை.

விலைக்கு வழி, சேர்ந்து வாங்குவது. மத்திய அரசின் உஜாலா பல்புத் திட்டத்துக்காக மொத்தமாக டெண்டர் விட்டபோது எல்.இ.டி. பல்பின் கொள்முதல் விலை 2014-ல் இருந்த 310 ரூபாயிலிருந்து 2016-ல் 38 ரூபாய்க்கு இறங்கியது. ஒரு ஊருக்கு அவ்வளவு குறையாது, ஆனால் பக்கத்துக் குழுக்களையும் சேர்த்து நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நாலு கடையில் கொட்டேஷன் கேட்டால் பேரம் பேச இடமிருக்கும். முழுப் பணம் கொடுக்க முடியாதவர்களுக்குக் குழு உள்கடனில் தவணை போடுங்கள்.

மலிவான கொட்டேஷனைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காதீர்கள். போர்டுக்கு எத்தனை வருட வாரண்டி, சர்வீஸ் சென்டர் இந்த மாவட்டத்துக்குள் இருக்கிறதா, புகார் கொடுத்தால் எத்தனை நாளில் ஆள் வருவார் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.