சீசன் பாஸ் கையில், கதவோ மூடியபடி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பொழுதுபோக்குப் பூங்காக்களுக்குப் பருவம் முழுவதும் பலமுறை போய்வர வாங்கும் சீசன் பாஸ் பற்றி வந்துள்ள கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே காட்சியில்தான் தொடங்குகின்றன: பணம் கட்டியாயிற்று, பாஸ் கையில் இருக்கிறது, ஆனாலும் வாசலில் சிவப்பு விளக்கு எரிகிறது. சில ஆண்டுகள் அந்த வாசலின் உட்புறத்தில் நின்றும், பிறகு விருந்தினர் சேவை முகப்பில் அமர்ந்தும் பணியாற்றியவன் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஸ்கேனருடன் நிற்கும் பணியாளருக்கு உங்களை உள்ளே விடும் அதிகாரம் அநேகமாக இருக்காது. கணக்கில் பதிவாகியிருப்பதைத் திருத்தக்கூடியவர் பக்கத்து முகப்பில் இருப்பார். கீழே உள்ள பதில்கள் பலவும், யாரிடம் எதைக் கேட்பது என்பதையே சுற்றி வருவதற்கு அதுதான் காரணம்.

கேள்வி: கைபேசியில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேனர் படிக்கவே மறுக்கிறது. மூன்று முறை முயன்றும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: ஸ்கேனர் படிக்கவில்லையா, அல்லது படித்துவிட்டு மறுக்கிறதா என்பதை முதலில் கவனியுங்கள். ஒலியும் எழாமல் விளக்கும் மாறாமல் இருந்தால் குறை உங்கள் திரையில் இருக்கிறது. ஒலி எழுப்பிவிட்டுச் சிவப்பு காட்டினால், கோடு ஒழுங்காகவே படிக்கப்பட்டுவிட்டது, குறை கணக்கில் இருக்கிறது என்று பொருள். இந்த இரண்டாவது நிலையில் திரையை எத்தனை முறை சட்டைத்தலைப்பால் துடைத்தாலும் பலன் கிடைக்காது. வரிசையை விட்டு விலகிச் சேவை முகப்புக்குச் செல்வதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

முதல் நிலைக்கு வருவோம். கியூஆர் கோடு 1994-இல் ஜப்பானின் டென்ஸோ வேவ் நிறுவனத்தில், வாகன உதிரிபாகங்களை அடையாளம் காண்பதற்காக உருவாக்கப்பட்டது. தொழிற்கூடத்து அழுக்கையும் கீறலையும் தாங்க வேண்டியிருந்ததால், தேர்ந்தெடுக்கும் நிலையைப் பொறுத்து ஏறத்தாழ 7 முதல் 30 விழுக்காடு வரை சேதமடைந்தாலும் படிக்கக்கூடிய பிழைதிருத்தும் அமைப்பு அதற்குள்ளேயே இருக்கிறது. ஆகவே திரையில் ஒரு விரிசல் விழுந்திருப்பது பெரும்பாலும் காரணமாக இருக்காது. ஆனால் கோடைச் சுற்றி நான்கு சிறு கட்டங்களின் அகலத்துக்காவது வெற்று ஓரம் இருந்தாக வேண்டும். ‘நன்றாகத் தெரியட்டும்’ என்று இரு விரலால் படத்தைப் பெரிதாக்குகிறவர்கள், அந்த ஓரத்தைத் திரைக்கு வெளியே தள்ளிவிடுகிறார்கள். வாசலில் நான் பார்த்த தோல்விகளில் இதுவே அடிக்கடி நேர்ந்தது. அடுத்தது வெளிச்சம்: வெயிலில் மங்கிய திரை, பக்கத்திலிருப்பவர் பார்க்காதபடி ஒட்டிய தனியுரிமைத் தாள், நிறங்களைத் தலைகீழாக்கிக் கறுப்பு வெள்ளையை மாற்றிவிடும் இருள்நிலை அமைப்பு ஆகிய மூன்றையும் சரிபாருங்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பது நல்லதா என்றும் இதே வாசகர் கேட்டிருக்கிறார். அது பூங்காவைப் பொறுத்தது. மாறாத கோடு வழங்கும் பூங்காவில், வாசலருகே ஆயிரக்கணக்கானோர் கூடி இணைய இணைப்பு திணறும் வேளையில், ஸ்கிரீன்ஷாட் உங்களைக் காப்பாற்றும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை மாறும் கோடு என்றால் பழைய படம் செல்லாது. எப்படியானாலும் கோடுக்குக் கீழே உள்ள எண்ணை ஒரு தாளில் எழுதிப் பணப்பைக்குள் வைத்திருங்கள். சேவை முகப்பில் அதைத் தட்டச்சு செய்தாலே உங்கள் கணக்கு திறந்துவிடும்; கைபேசி செத்துப்போன நாளிலும் அது உதவும்.

கேள்வி: இன்று காலைதான் முதன்முறையாக உள்ளே போகிறோம். ‘இந்தப் பாஸ் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டுள்ளது’ என்று காட்டியது. எங்கள் பாஸை வேறு யாரோ திருடிவிட்டார்களா?

பதில்: திருட்டு என்ற முடிவுக்கு உடனே வரவேண்டாம். குடும்பத்தினர் அனைவரின் பாஸும் ஒரே கைபேசியில் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தாய் நான்கு பாஸ்களை ஒன்றன்பின் ஒன்றாக விரலால் தள்ளிக் காட்டுவார். இடையில் கைக்குழந்தை கைபேசியைப் பிடித்து இழுக்கும். திரை ஒரு படி பின்னோக்கி நகர்ந்துவிடும். மூன்றாவது பிள்ளைக்குக் காட்டியது இரண்டாவது பிள்ளையின் கோடாகவே இருக்கும். இயந்திரம் சொல்வது சரி, பாஸும் சரி, வரிசைதான் பிசகியது. ஒவ்வொரு பாஸிலும் பெயர் அச்சாகியிருக்கும் என்பதால், பெயரை வாய்விட்டுப் படித்தபடி காட்டினால் இந்தத் தொல்லை வராது.

அப்படி இல்லையென்றால், கடைசியாக எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த வாயிலில் அந்தப் பாஸ் படிக்கப்பட்டது என்று சேவை முகப்பில் கேளுங்கள். அந்தப் பதிவு அவர்களிடம் இருக்கும். பத்து நிமிடத்துக்கு முன், இதே வாயிலில் என்றால் அது வரிசைப் பிசகு. உணவுக்கு வெளியே போய்த் திரும்பியவர் என்றால், வெளியேறும்போது முத்திரையோ ஸ்கேனோ விடுபட்டிருக்கலாம். நீங்கள் ஊரிலேயே இல்லாத ஒரு நாளின் பதிவு இருந்தால் மட்டுமே கோடு நகலெடுக்கப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது பழைய எண்ணை முடக்கிப் புதிய எண் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. ‘பாஸ் வந்துவிட்டது’ என்று மகிழ்ந்து கோடு தெரியும் படத்தைச் சமூக ஊடகத்தில் போட்டவர்கள் அதை முதலில் நீக்கிவிடவும்.

நுழைவுச் சீட்டை நகலெடுப்பது இந்தத் தொழிலுக்குப் புதிதல்ல. 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாந்து அழைப்பாளர்களுக்காகத் திறக்கப்பட்டபோதே போலிச் சீட்டுகள் நடமாடின. எதிர்பார்த்ததைவிட மிக அதிகமானோர் உள்ளே வந்து, உணவும் குடிநீரும் போதாமல் போனது. வாசலில் உங்களிடம் காட்டப்படும் சந்தேகம் அவ்வளவு பழையது.

கேள்வி: எங்கள் மகள் ஒரு வருடத்தில் நன்றாக வளர்ந்துவிட்டாள். பாஸில் உள்ள படம் அவள்தான் என்று பணியாளர் நம்பவில்லை. இதற்கு என்ன வழி?

பதில்: படத்தைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள், சேவை முகப்பில் ஐந்து நிமிட வேலை, பல இடங்களில் கட்டணமும் கிடையாது. வயதைக் காட்டும் ஏதேனும் ஓர் ஆவணத்தின் நகல் உங்களிடம் இருந்தால் பேச்சு நீளாது.

கேள்வி: நுழைவாயிலில் கைரேகை கேட்கிறார்கள். பிள்ளைகளின் கைரேகையைத் தர எனக்கு விருப்பமில்லை. மறுத்தால் உள்ளே விடமாட்டார்களா?

பதில்: ஒரே பாஸைப் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதைத் தடுப்பதுதான் இதன் நோக்கம் என்பதால், ‘இந்தப் பாஸ் என்னுடையதுதான்’ என்று வேறு வழியில் நிறுவ நீங்கள் முன்வந்தால் பெரும்பாலான பூங்காக்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஃபுளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் விரலை வைக்க விரும்பாதவர்கள் படத்துடன் கூடிய அடையாள அட்டையைக் காட்டலாம் என்பது அறிவிக்கப்பட்ட நடைமுறை. ஆகவே ‘மாட்டேன்’ என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், ‘அடையாள அட்டை காட்டுகிறேன்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். மூன்று சொற்கள்தான் கூடுதல், விளைவு வேறாக இருக்கும்.

சட்டத்தின் துணை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2008 முதல், எழுத்துவழி ஒப்புதல் பெறாமல் தனியார் நிறுவனங்கள் ஒருவரின் கைரேகையைச் சேகரிக்கக் கூடாது. சீசன் பாஸுக்காகத் தன் 14 வயது மகனின் பெருவிரல் ரேகை தனக்குத் தெரிவிக்காமல் எடுக்கப்பட்டதாக ஒரு தாய், பூங்காக்களை நடத்தும் சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், வேறு இழப்பு எதுவும் நேராவிட்டாலும், இந்த உரிமை மீறப்பட்டதே வழக்குத் தொடுக்கப் போதுமானது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிகளும், ஒருவரை அடையாளம் காணப் பயன்படும் உடல்சார் தரவைத் தனிப் பாதுகாப்புக்குரிய வகையில் வைத்திருக்கின்றன. பாஸ் வாங்கும்போது நாம் படிக்காமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டிய பக்கத்தில், இந்தத் தரவு எத்தனை நாள் வைத்திருக்கப்படும் என்று எழுதியிருக்கும். அந்த ஒரு பத்தியையாவது படித்துவிடுங்கள்.

கேள்வி: ‘விலக்கு நாட்கள் இல்லை’, அதாவது பாஸ் செல்லாத நாட்களே கிடையாது, என்று சொல்லித்தான் பாஸை விற்றார்கள். இப்போது முன்பதிவு இல்லாமல் வர முடியாது என்கிறார்கள். நாங்கள் கேட்கும் நாளிலோ முன்பதிவு நிரம்பிவிட்டது. இது ஏமாற்று இல்லையா?

பதில்: உங்கள் சினம் நியாயமானது, இதே கேள்வி நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டிஸ்னிலாந்து 2021-இல் ‘டிரீம் கீ’ என்ற பெயரில் விற்ற பாஸுக்கு விலக்கு நாட்களே இல்லை என்று விளம்பரம் செய்யப்பட்டிருந்தது. ஆனால் சில நாட்களில் பொதுச் சீட்டு கிடைத்தும் பாஸ்தாரர்களுக்கான முன்பதிவு மூடப்பட்டிருந்தது என்பது வழக்கு. தவறு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலேயே, 95 லட்சம் டாலர் அளித்து அந்நிறுவனம் அதைச் சமரசமாக முடித்துக்கொண்டது.

உங்களுக்கு இதிலிருந்து கிடைப்பது வழக்குப் போடும் யோசனை அல்ல, வாதத்தை அமைக்கும் முறை. ‘என்னை விடவில்லை’ என்று எழுதுவதைவிட, ‘இந்தத் தேதிக்கு பாஸ்தாரர் முன்பதிவு நிரம்பியதாகக் காட்டியது, அதே நேரத்தில் அதே தேதிக்குப் பொதுச் சீட்டு விற்பனையில் இருந்தது’ என்று இரண்டு ஸ்கிரீன்ஷாட்களையும் இணைத்து எழுதினால் பதில் சொல்லியே ஆகவேண்டிய நிலை உண்டாகும். பாஸ் வாங்கிய நாளில் இருந்த விளம்பர வாசகத்தைச் சேமித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பக்கங்கள் பின்னர் சத்தமில்லாமல் திருத்தப்படுவதுண்டு.

கேள்வி: என் 15 வயது மகனுக்குத் தனிப் பாஸ் இருந்தும், நண்பர்களோடு போனபோது திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

பதில்: பாஸில் குறையில்லை, வயது விதி குறுக்கே நிற்கிறது. பதின்ம வயதினரிடையே கைகலப்புகள் நடந்தபின் பல பூங்காக்கள் பெரியவர் துணையைக் கட்டாயமாக்கியுள்ளன. கலிஃபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்கா 2022 ஜூலையில், 17 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் 21 வயது நிரம்பிய ஒருவருடன் வரவேண்டும் என்ற விதியை வாரத்தின் சில நாட்களுக்குக் கொண்டுவந்தது. எந்தக் கிழமைகளில், எந்த நேரத்துக்குப் பின் என்பதைப் புறப்படும் நாளன்று பாருங்கள். இந்த விதிகள் அறிவிப்பின்றி மாறக்கூடியவை.

கேள்வி: மாதத் தவணையில் பணம் கட்டுகிறேன். திடீரென்று குடும்பத்தில் நால்வரின் பாஸும் முடங்கிவிட்டது.

பதில்: வங்கி உங்களுக்குப் புதிய அட்டை அனுப்பியதா? பழைய அட்டை எண்ணில் தவணை கழியாமல் போனால் அந்த ஆர்டரில் உள்ள அத்தனை பாஸும் சேர்ந்தே நிறுத்தப்படும். நிலுவையைச் செலுத்தியவுடன் கதவு திறந்துவிடாது. கட்டணப் பதிவு நுழைவு அமைப்புக்குப் போய்ச் சேரச் சில மணி நேரம் ஆகலாம். ஆகவே செலுத்திய ரசீதைத் திரையில் வைத்துக்கொண்டு முகப்புக்குச் செல்லுங்கள், வரிசைக்கு அல்ல. அப்படியே, ஆண்டு முடிந்ததும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: வாசலில் விடாததால் அன்றைக்குத் தனிச் சீட்டு வாங்கி உள்ளே போனோம். பணத்தைத் திரும்பக் கேட்டு நான்கு மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை.

பதில்: அடுத்த முறைக்காக ஒன்று: சீட்டு வாங்குவதற்கு முன்பே, ‘பாஸ் சரியானதும் இந்தத் தொகை திருப்பித் தரப்படும்’ என்று முகப்பில் உள்ளவரிடம் ரசீதின் பின்புறம் எழுதி வாங்குங்கள். பிள்ளைகள் அழும்போது இதெல்லாம் நினைவுக்கு வராது என்பதை அறிவேன். ஆயினும் பல பூங்காக்கள் ஒருநாள் சீட்டின் தொகையைப் பாஸ் கணக்கில் சரிக்கட்டுவதை அதே நாளில் மட்டுமே செய்கின்றன.

நான்கு மின்னஞ்சல் அனுப்பியது உங்களுக்கே பாதகமாயிருக்கலாம். ஒவ்வொரு புதிய மின்னஞ்சலுக்கும் ஒரு புதிய புகார் எண் உருவாகி, நான்கும் வெவ்வேறு பணியாளர்களிடம் போய்ச் சேரும். ஒருவர் மற்றவர் பார்ப்பதாக எண்ணிக்கொள்வார். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது, இரண்டு பக்கத்துக்கு நீண்ட கோபக் கடிதங்களில் ஆர்டர் எண்ணைத் தேடியே களைத்துப்போனதுண்டு. முதல் புகார் எண்ணையே தலைப்பில் இட்டு, ஏறத்தாழ இப்படி எழுதிப் பாருங்கள்:

‘ஆர்டர் எண் இது, பாஸ் எண் இது. இந்தத் தேதி காலை 10.20-க்கு முதன்மை வாயிலில் “கணக்கு செயலில் இல்லை” என்ற செய்தி வந்தது. முகப்பில் சரிசெய்ய இயலாததால் இரண்டு ஒருநாள் சீட்டுகள் வாங்கினோம்; ரசீது இணைப்பில் உள்ளது. அன்று பிற்பகலே பாஸ் சரிசெய்யப்பட்டது. இரண்டு சீட்டுகளின் தொகையை, பணம் செலுத்திய அட்டைக்கே 14 நாட்களுக்குள் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.’

இவ்வளவு போதும். வெயில், அழுத குழந்தை, பணியாளரின் முகச்சுளிப்பு எல்லாம் உண்மையே, ஆனால் பணத்தைத் திருப்பும் அதிகாரியின் படிவத்தில் அவற்றுக்கு இடமில்லை. பணியாளர் மரியாதைக் குறைவாக நடந்திருந்தால் அதைத் தனிக் கடிதமாக எழுதுங்கள். அது வேறொரு மேசைக்குப் போகிறது.

கெடு கடந்தும் பதில் இல்லையென்றால் அட்டை வழங்கிய வங்கியில் மறுப்புக் கோரிக்கை, அதாவது அந்தக் கட்டணத்தை ஏற்காமல் பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம், கொடுக்கலாம். அதற்கும் காலவரம்பு உண்டு. அமெரிக்கச் சட்டத்தில் கடன் அட்டைக்கு, அந்தத் தொகை இடம்பெற்ற முதல் கணக்குப் பட்டியல் அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாட்கள். உங்கள் வங்கியின் வரம்பைக் கேட்டறியுங்கள். கோரிக்கையில் அந்த ஒருநாள் சீட்டுகளின் தொகையை மட்டும் குறிப்பிடுங்கள். பாஸின் தொகையையும் சேர்த்து மறுத்தால், பூங்கா உங்கள் பாஸையே ரத்து செய்துவிடக்கூடும்.

கேள்வி: எங்கள் பூங்காவை நடத்தும் நிறுவனம் இன்னொன்றோடு இணைந்துவிட்டது. பழைய பாஸ் மற்றப் பூங்காக்களிலும் செல்லுமா?

பதில்: உரிமையாளர் ஒருவராகிவிட்டதாலேயே செல்லாது. அமெரிக்கப் பூங்கா நிறுவனங்களான சிக்ஸ் ஃபிளாக்ஸும் சீடர் ஃபேரும் 2024 ஜூலை 1 அன்று இணைந்தன. அத்தகைய இணைப்புகளில் பெயர்ப்பலகை ஒரே நாளில் மாறினாலும், சீட்டு மென்பொருள்கள் ஒன்றாவதற்குக் காலம் பிடிக்கும். பாஸின் விதிகளில் பூங்காக்களின் பெயர்ப் பட்டியல் இருக்கும். அதில் உள்ளவைதான் கணக்கு. முதல் வருகையை உங்கள் சொந்தப் பூங்காவிலேயே முடித்துப் பாஸைச் செயல்படுத்திக்கொண்ட பிறகு மற்ற இடத்துக்குப் புறப்படுங்கள்.