புதுக் கம்ப்யூட்டர் வாங்கலாமா, விண்டோஸ் 11-க்கு மாறலாமா? கொங்குப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. தறிக்கூடம், மண்டி, பனியன் கம்பெனி, வீடு என்று பல இடங்களிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும் கீழே. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறது.

பல்லடம்: ஏனுங்ணா, எங்க கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது. அப்டேட் இனி வராதுன்னு காட்டிக்கிட்டே இருக்குது. புதுசு வாங்கியே ஆகோணுமுங்களா?

அவசரப்பட வேண்டாமுங்க. செட்டிங்ஸில் சிஸ்டம், அபௌட் போய் பிராசஸர் பேரை முதலில் எழுதி வையுங்க. ஐ5-8400 என்றிருந்தால் எட்டாம் தலைமுறை, ஐ5-10400 என்றால் பத்தாம் தலைமுறை. இன்டெலில் எட்டும் அதற்கு மேலும் விண்டோஸ் 11-க்கு ஆகும். 3470, 4590, 6500, 7400 இவையெல்லாம் ஆகாது. ஏழாம் தலைமுறையில் தப்பித்தவை மிகச் சில. ஏஎம்டி ரைசனில் 2600 போன்றவை ஆகும். ஆனால் 2200ஜி, 2400ஜி இரண்டும் பேரில் 2000 வரிசையாக இருந்தாலும் உள்ளே பழைய வடிவமைப்பு என்பதால் பட்டியலில் இல்லை.

பிராசஸர் தேறினால் செலவே இல்லாமல் மாறலாம். அசல் விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகியிருந்தால் அதே உரிமம் 11-க்கும் செல்லும். தேறாவிட்டாலும் உடனே பணம் போட வேண்டியதில்லை. அடுத்த பதிலைப் பாருங்க.

கோபி: ஒரு வருசம் தள்ளிப்போட வழி இருக்குன்னு சொல்றாங்களே, நிசமுங்களா?

நிசம்தானுங்க. நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10-ன் 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் பதிவு செய்யும் இணைப்பு தெரியும். அட்மின் உரிமையுள்ள மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கினால் காசில்லை. பேக்கப் வேண்டாமென்றால் 1,000 ரிவார்ட்ஸ் புள்ளிகள் அல்லது ஒரே தடவையாக 30 டாலர். ஒரு கணக்கில் 10 கம்ப்யூட்டர் வரை சேர்க்கலாம். இதில் பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான் வரும், புது வசதி எதுவும் வராது. ஆஃபீஸ் 2016, 2019 இரண்டுக்கும் அதே 2025 அக்டோபர் 14-ல் ஆதரவு முடிந்துவிட்டது. இந்த நீட்டிப்பு அவற்றுக்குப் பொருந்தாது.

ஈரோடு, மஞ்சள் மண்டி: எடை மிசினு கம்ப்யூட்டரோட சேர்ந்திருக்குதுங்க. பக்கத்துக் கடையில 11 போட்டதுக்கப்புறம் எடை வரலைங்கிறாங்க. நாங்க மாறலாமுங்களா?

புதிதாக வாங்கும் முன் எல்லாரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சிபியூவுக்குப் பின்னால் என்னென்ன செருகியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் விண்டோஸைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எடை மிசினிலிருந்து வருவது 9 பின் சீரியல் ஒயர். இன்றைய கம்ப்யூட்டர் பலவற்றில் அந்தத் துளை இல்லாததால் யூஎஸ்பி மாற்றி போடுவார்கள். மலிவு மாற்றிகளில் ப்ரோலிஃபிக் பிஎல்2303 சிப்பின் பழைய ரகமோ அதன் போலியோ இருக்கும். புது டிரைவர் அவற்றை வேண்டுமென்றே ஏற்காது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வரும், கூடவே ‘2012-லிருந்தே நிறுத்தப்பட்ட சிப், விற்றவரை அணுகவும்’ என்ற பொருளில் ஒரு வரியும் வரும். மிசினில் பழுதில்லை, எடைக்காரரைக் கூப்பிட்டுப் பயனில்லை.

பழைய டிரைவரைக் கையால் தேர்ந்தெடுத்து ஓட்டலாம். ஆனால் அடுத்த அப்டேட்டில் புது டிரைவர் மறுபடி வந்து உட்காரும். ஏலம் நடக்கிற நேரத்தில் எடை நின்றுபோனால் தாங்காதுங்க. எஃப்டிடிஐ சிப் உள்ள மாற்றி ஒன்று வாங்கிப் போட்டுவிடுங்க.

மாற்றியை மாற்றியதும் காம் போர்ட் எண், அதாவது அந்த இணைப்புக்கு விண்டோஸ் வைக்கும் எண், மாறும். பில் போடும் புரோகிராம் காம் 1-ஐத் தேடிக்கொண்டிருக்கும், புதிது காம் 4-ல் போய் உட்கார்ந்திருக்கும். டிவைஸ் மேனேஜரில் அந்தப் போர்ட்டைத் திறந்து, போர்ட் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு போய் பழைய எண்ணையே கொடுங்க. வேகம், அதாவது பாட் ரேட், எடை மிசினில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். எண்ணுக்குப் பதில் கண்டபடி எழுத்து வந்தால் அந்த வேகம் பொருந்தவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். எதையும் தொடும் முன் பழைய கம்ப்யூட்டரில் இந்த அமைப்புகளை ஃபோனில் படம் பிடித்து வையுங்க.

சோமனூர்: தறிக்கணக்கு இன்னும் பழைய ஃபாக்ஸ்புரோ டாஸ் புரோகிராம்லதான் ஓடுது. எழுதிக் கொடுத்தவரு இப்ப இல்லைங்க. புதுசு வாங்கினா அது ஓடுமுங்களா?

நேரடியாக ஓடாதுங்க. விண்டோஸ் 11-ல் 64 பிட் பதிப்பு மட்டுமே உண்டு. 64 பிட் விண்டோஸ் எதிலும் டாஸ் புரோகிராம் இயங்காது. உங்களிடம் ஓடுகிறதென்றால் இப்போதிருப்பது 32 பிட் விண்டோஸாக இருக்கும். அதிலிருந்து அப்படியே 11-க்கு ஏறவும் முடியாது, துடைத்துவிட்டுப் புதிதாகத்தான் போட வேண்டும்.

கணக்கு உங்கள் உயிர்நாடி என்பதால் மூன்று வேலைகளை இந்த வரிசையில் செய்யுங்க. புரோகிராம் இருக்கும் ஃபோல்டர் முழுவதையும் இரண்டு பென் டிரைவில் தனித்தனியாக எடுத்து வையுங்க. பிறகு அதில் கணக்கு விவரம் இருக்கும் டிபிஎஃப் கோப்புகளை லிப்ரே ஆஃபீஸ் கால்க்கில் திறந்து பாருங்க. பாக்கி, நூல் வரவு, பாவு கணக்கெல்லாம் அட்டவணையாகத் தெரிந்தால் நாளைக்கு எந்தப் புரோகிராமுக்கும் மாற்றிக்கொள்ளலாம். கடைசியாகப் புதுக் கம்ப்யூட்டரில், டாஸ் புரோகிராமை ஓட்ட உதவும் விடாஸ் அல்லது டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போட்டு, நகலை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்க.

ஓட்டுவதைவிட பிரிண்ட் எடுப்பதில்தான் தடங்கல் வரும். டாஸ் புரோகிராம் எல்பிடி1 என்ற போர்ட்டுக்கு எழுதும். யூஎஸ்பி பேரலல் கேபிளில் மாட்டிய டாட் மேட்ரிக்ஸ் அந்தப் பேரில் தெரியாது. விடாஸில் எல்பிடி1-ஐ விண்டோஸ் பிரிண்டருக்குத் திருப்பிவிட முடியும். மேஜைக் கம்ப்யூட்டர் என்றால் பேரலல் கார்டு ஒன்று மாட்டுவதும் வழி. புதிதில் ஒரு மாதக் கணக்கு சரியாக வரும்வரை பழையதை இன்டர்நெட் ஒயரைக் கழற்றிவிட்டு அப்படியே ஓட்டுங்க.

பொள்ளாச்சி: ஐ3-9100 தானுங்க, ஆனா டிபிஎம் 2.0 இல்லைன்னு சொல்லுது.

டிபிஎம் என்பது விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதி. அது இருக்குதுங்க, அணைத்து வைத்திருப்பார்கள். பயாஸில், அதாவது கம்ப்யூட்டர் எழும்பும்போது திறக்கும் அமைப்புப் பக்கத்தில், இன்டெல் போர்டில் பிடிடி, ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பேரில் இருக்கும், அதை இயக்குங்க.

யூஇஎஃப்ஐ என்ற புதுத் தொடக்க முறையும் வேண்டும் என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய முறையில் போட்ட விண்டோஸின் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு வகையில் இருக்கும். அதை ஜிபிடி என்ற புது வகைக்கு மாற்றாமல், பழைய முறையில் எழும்ப உதவும் சிஎஸ்எம்மை பயாஸில் அணைத்தால் விண்டோஸ் எழும்பாது. டிஸ்க் போய்விட்டதென்று பயந்து ஃபார்மேட் செய்துவிடாதீங்க. சிஎஸ்எம்மை மறுபடி இயக்கினால் பழையபடி வரும். பேக்கப் எடுத்துவிட்டு, விண்டோஸோடு வரும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்றிய பிறகு அணையுங்க. டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் அந்தக் கருவி மறுக்கும்.

கோவை: காந்திபுரத்துல பழைய ஆஃபீஸ் கம்ப்யூட்டர், ஐ5 ஆறாம் தலைமுறை, விண்டோஸ் 11 போட்டே தர்றாங்க. பொண்ணு காலேஜுக்கு வாங்கலாமுங்களா?

வேண்டாமுங்க அக்கா. ஆறாம் தலைமுறையில் 11 இருக்கிறதென்றால் தகுதிச் சோதனையைத் தாண்டிப் போட்டிருக்கிறார்கள். இன்றைக்கு நன்றாகவே ஓடும். ஆனால் வருடாந்தரப் பெரிய அப்டேட் தானாக வராது, ஒவ்வொரு தடவையும் கையால் ஏற்ற வேண்டும். செகண்ட்ஸ்தான் வாங்குவதென்றால் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீங்க. கடையிலேயே ஆன் செய்து, ஆக்டிவேஷன் பக்கத்தையும் பிராசஸர் பேரையும் கண்ணால் பார்த்து, பில்லில் பிராசஸர் எண்ணை எழுதச் சொல்லுங்க.

கரூர்: புது லேப்டாப்ல 8 ஜிபி போதுமா, 16 வேணுமா?

16 வாங்குங்க. 8-தான் கட்டுப்படியாகுமென்றால் கூடுதல் ராம் போட இடம் இருக்கிறதா என்று கேளுங்க. மெல்லிய லேப்டாப் பலவற்றில் ராம் போர்டோடு பற்றவைத்திருக்கும், பின்னால் சேர்க்க முடியாது. எஸ்எஸ்டி 512 ஜிபி. விலை சந்தேகப்படும்படி குறைந்திருந்தால் டாஸ் மட்டும் போட்ட மாடலா என்று பாருங்க, விண்டோஸுக்குத் தனியாகக் காசு போகும். எஸ் மோடு (ஸ்டோர் செயலிகள் மட்டும் ஓடும் முறை) என்றிருந்தால் பயப்பட வேண்டாம், ஸ்டோரில் இலவசமாக வெளியே வரலாம், திரும்பப் போக மட்டும் முடியாது.

திருப்பூர்: டேலி, டிஜிட்டல் சிக்னேச்சர், எம்பிராய்டரி டிசைன் சாஃப்ட்வேர் மூணும் புதுசுக்கு மாத்தோணும். எதை முதல்ல செய்யறதுங்க?

பழையதை விற்கவோ ஃபார்மேட் செய்யவோ முன்னால் டேலி உரிமத்தைச் சரண்டர் செய்ய வேண்டும், அதாவது அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து விடுவிக்க வேண்டும். டேலி பிரைமில் எஃப்1, செட்டிங்ஸ், லைசென்ஸ், சரண்டர். பதிவு செய்த மின்னஞ்சல் யாரிடம் இருக்கிறதென்று இப்போதே பாருங்க, வேலையை விட்டுப்போன கணக்கரின் மின்னஞ்சலாக இருந்தால் அதுதான் பெரிய தலைவலி. டேட்டா ஃபோல்டரைத் தனியாக நகலெடுங்க.

சிக்னேச்சர் சாவி, பென் டிரைவ் மாதிரி இருக்கும் யூஎஸ்பி டோக்கனுக்குள்தான் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இல்லை. புதிதில் அந்த டோக்கன் ரகத்துக்கான டிரைவரையும், ஜிஎஸ்டி தளத்தில் கையெழுத்திட உதவும் எம்சைனரையும் போடுங்க. எம்சைனரை அட்மினாக இயக்காவிட்டால் சான்றிதழ் தெரியாது.

டிசைன் சாஃப்ட்வேர், உரிமத்துக்காகச் செருகும் யூஎஸ்பி டாங்கிளில் ஓடினால், அந்தப் பதிப்புக்கு விண்டோஸ் 11 டிரைவர் உண்டா என்று விற்றவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு புதிதுக்கு முன்பணம் கொடுங்க.

நாமக்கல்: பயாஸ் அப்டேட் பண்ணினதும் 48 எண்ணு கேக்குதுங்க. ஒண்ணுமே புரியலை.

அது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டும் வசதி, கேட்கும் மீட்புச் சாவி. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கில் தொடங்கிய புதுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் டிஸ்க் தானாகவே பூட்டப்படுகிறது. முதல் நாள் எந்தக் கணக்கில் நுழைந்தீங்களோ, அதே கணக்கில் ஃபோனில் நுழைந்து டிவைஸ் பட்டியலில் மீட்புச் சாவியைத் தேடுங்க, இருக்கும். கடைக்காரர் தன் கணக்கில் தொடங்கிக் கொடுத்திருந்தால் சாவி அவரிடம்தான். சாவி எங்குமே கிடைக்காவிட்டால் டேட்டாவை எடுக்க வழியில்லை. புதிதாக வாங்குகிறவர்கள் முதல் நாளே சாவியை அச்செடுத்துப் பத்திரக் கட்டோடு வையுங்க.

தாராபுரம்: பள்ளிக்கூடத்துல கொடுத்த பழைய விலையில்லா மடிக்கணினி இருக்குது. தூக்கிப் போடறதுங்களா?

போடாதீங்க கண்ணு. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்திருக்கும். 11 அதில் ஏறாது. பழைய ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டு, ராமை 4 ஜிபி ஆக்கி, லினக்ஸ் மின்ட் 22-ன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றுங்க. 2029 வரை அப்டேட் வரும். படிக்க, தமிழ்99-ல் தட்டச்சு செய்ய, பாடம் பார்க்க ஆகும்.

அவிநாசி: 11-க்கு மாத்திட்டேன், ஒரு சாஃப்ட்வேர் தகராறு பண்ணுது. பழையபடி 10-க்குப் போகலாமுங்களா?

மாற்றி 10 நாளுக்குள் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் ‘கோ பேக்’ இருக்கும். இடம் போதவில்லை என்று டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் கோப்புகளை அழித்திருந்தால் அந்தப் பொத்தான் வேலை செய்யாது. அதனால் மாற்றிய அன்றைக்கே பிரிண்டர், ஸ்கேனர், டோக்கன், பில் புரோகிராம் எல்லாவற்றையும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. மாத முதல் வாரத்தில் மாற்றாதீங்க, ஜிஎஸ்டி ரிட்டர்ன் தாக்கல் 11-ம் தேதியும் 20-ம் தேதியும் வந்து நிற்கும். 20-க்குப் பிறகு மாற்றினால் சோதிக்க நாள் கிடைக்கும்.