பார்க்கப் போகும் விசாவில் வேலை பார்க்கலாமா?

கேள்வி: அக்கா, எனக்கு 26 வயது. பி.இ. முடித்து இங்கே ஒரு கம்பெனியில் இருக்கிறேன். கல்லூரி நண்பன் இங்கிலாந்தில் கவென்ட்ரியில் வேலை செய்கிறான். "மூணு மாசம் வந்து தங்கு, ஊர் சுற்று. செலவுக்கு ஒரு ஹோட்டலில் சனி, ஞாயிறு வேலை பேசி வைக்கிறேன், கையில் காசு" என்கிறான். விசிட்டர் விசாவில் இப்படிச் செய்யலாமா? நீங்கள் அந்த ஊரில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.
வாசகர், திருச்சி

பதில்: வேண்டாம் தம்பி. நண்பர் நல்ல மனதோடுதான் சொல்கிறார், ஆனாலும் வேண்டாம். விசிட்டர் விசாவில் பொதுவாக ஆறு மாதம் வரை தங்கலாம், சுற்றிப் பார்க்கலாம், நண்பர் வீட்டில் இருக்கலாம். அங்குள்ள எந்த முதலாளியிடமும் வேலை செய்யக் கூடாது. சம்பளம் வாங்காத வேலையும் இதில் சேர்த்தி. "பண்ணையில் நாலு மணி நேரம் வேலை, பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும்" என்று வரும் அழைப்புகளும் அப்படித்தான். மாட்டினால் அது குற்றம். வாங்கிய கூலியையே பறிமுதல் செய்யலாம். வேலை கொடுத்தவருக்கும் ஓர் ஆளுக்கு 60,000 பவுண்டு வரை அபராதம் உண்டு.

சட்டத்தை விட எனக்கு வேறொரு பயம் இருக்கிறது. கவென்ட்ரியில் ஏழு வருடம் இருந்தேன். நான் வாடகைக்கு இருந்த வீட்டில் எதிர் அறைக்கு நம் ஊர்ப் பையன் ஒருவன் வந்தான், இதே விசாவில். ஒரு ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கப் போனான். பத்து மணி நேரம் நின்றபடி வேலை. பேசிய கூலியே சட்டப்படி தர வேண்டியதில் பாதிதான். இரண்டு வாரம் கொடுத்தார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து "அடுத்த வாரம்" என்றார்கள். அவன் எங்கே போய்ப் புகார் சொல்வான்? அது அந்த முதலாளிக்கு நன்றாகவே தெரியும். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, தண்ணீரில் ஊறி வெளுத்த கையோடு வந்து, நான் எடுத்து வைத்த குழம்பையும் சோற்றையும் அடுப்படியில் நின்றபடியே சாப்பிடுவான். கடைசியில் என்னிடமும் இன்னொருவரிடமும் கடன் வாங்கித்தான் ஏர்போர்ட்டுக்குப் போனான். லண்டனைக்கூட அவன் பார்க்கவில்லை.

விசிட்டர் விசாவில் இந்த இரண்டுக்கு இடம் உண்டு. சுற்றிப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால், இடையில் உங்கள் திருச்சி கம்பெனி வேலையை லேப்டாப்பில் செய்வதில் தவறில்லை. 2024 ஜனவரியிலிருந்து இது விதியிலேயே இருக்கிறது. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாள் வரை தன்னார்வத் தொண்டும் செய்யலாம்.

சரி, நேர்வழி இருக்கிறதா? உங்கள் வயதுக்கு இருக்கிறது. 2023 பிப்ரவரியில் தொடங்கிய 'இந்தியா யங் புரொஃபஷனல்ஸ் ஸ்கீம்'. 18 முதல் 30 வயது வரையிலான இந்தியப் பட்டதாரிகளுக்கானது. இரண்டு வருடம் தங்கலாம், ஊர் சுற்றலாம், வேலையும் செய்யலாம். முன்கூட்டியே வேலை கையில் இருக்க வேண்டியதில்லை. வருடத்துக்கு 3,000 இடம், குலுக்கல் முறையில். பெயர் கொடுக்கக் கட்டணம் இல்லை. வழக்கமாக பிப்ரவரியிலும் ஜூலையிலும் நடக்கும், இரண்டு நாள்தான் திறந்திருக்கும், அதனால் பாஸ்போர்ட்டைத் தயாராக வைத்திருங்கள். பெயர் வந்தால் விண்ணப்பிக்க 90 நாள் அவகாசம். வங்கியில் 2,530 பவுண்டு தொடர்ந்து 28 நாள் இருந்திருக்க வேண்டும். விசா கட்டணம் தனி, இரண்டு வருட மருத்துவக் கட்டணமும் தனி. எல்லாம் சேர்த்துப் பெரிய தொகைதான். "குலுக்கலில் பெயர் வர வைக்கிறேன்" என்று எந்த ஏஜெண்ட் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அது யாராலும் முடியாது. பெயர் வரவில்லையா, அடுத்த முறை மறுபடி போடுங்கள். உங்களுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. அதுவரை நண்பர் வீட்டுக்கு மூன்று வாரம் மட்டும் போய்வாருங்கள், உங்கள் சேமிப்பில்.

கேள்வி: நானும் கணவரும் மகளின் தோழி வீட்டில் பத்து நாள் தங்கப் போகிறோம். அவளும் கவென்ட்ரிதான். என்ன கொண்டுபோகலாம்? எங்கே போகலாம்?
வாசகி, காரைக்குடி

பதில்: முதலில் பெட்டியிலிருந்து பால்கோவாவை எடுத்துவிடுங்கள் அம்மா. இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருட்களும் கொண்டுபோக அனுமதி இல்லை, நெய்யும் அப்படியே. முறுக்கும் சீடையும் போதும், எண்ணெயில் சுட்டதாக. அந்தப் பெண் திங்கள் முதல் வெள்ளி வரை வேலைக்குப் போவாள். அந்த நாட்களில் நீங்கள் இருவரும் தனியாகச் சுற்றுங்கள், சனி ஞாயிறை அவளுக்கு வையுங்கள். அப்புறம் ஒன்று: கடுகு தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்துங்கள். இல்லாவிட்டால் புகை அலாரம் தெருவுக்கே கேட்கும்.

கவென்ட்ரியிலேயே 1940 நவம்பர் 14 இரவு குண்டுவீச்சில் எரிந்த தேவாலயம் இருக்கிறது. கூரை இல்லாத சுவர்களை அப்படியே விட்டு, பக்கத்தில் புதியதைக் கட்டி 1962இல் திறந்தார்கள். இடிந்த பகுதியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியம் இலவசம். அங்கே அமராவதி ஸ்தூபியின் சிற்பங்களைத் தேடிப் பாருங்கள். லண்டன் பஸ்ஸில் காசு வாங்க மாட்டார்கள், கார்டைத் தட்டித்தான் ஏற வேண்டும்.

ஒரே ஒரு நாள்தான் வெளியூர் என்றால் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போங்கள், ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கல்லூரிகளைப் பார்த்த பிறகு வால்டன் தெருவில் உள்ள செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்துக்கு நடங்கள். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் அங்கேதான் இருக்கிறார், 1908இல் இறந்தார். "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று கல்லில் எழுதியிருப்பதாக நம் ஊரில் சொல்வார்கள். நான் போய்ப் பார்த்தேன், அப்படி இல்லை. ஆனால் அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவின் தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. மழைத் தூறலில் குடையைச் சாய்த்துக்கொண்டு அதை இரண்டு தடவை படித்தேன். செருப்பு வேண்டாம், ஷூ போட்டுப் போங்கள், புல் எப்போதும் ஈரமாக இருக்கும்.