ஜனவரியில் மெல்பர்ன் போகலாமா? தாராளமாக

தம்பி, நீங்கள் அடிலெய்டுக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. அப்பா அம்மா ஜனவரியில் ஊரிலிருந்து வருகிறார்கள், ஐந்து நாள் மெல்பர்ன் காட்ட ஆசை. ஆனால் அப்போது ஆஸ்திரேலியன் ஓபன் டென்னிஸ் போட்டி நடக்கும், ஊரே நெரிசலாக இருக்கும், வயசானவர்களை வைத்துக்கொண்டு அல்லாடாதே என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். இதுதானே உங்கள் கேள்வி?

கூட்டிக்கொண்டு போங்கள். பயப்பட வேண்டியது ஹோட்டல் வாடகைக்கு மட்டும்தான்.

கூட்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2025 போட்டிக்கு மூன்று வாரத்தில் வந்தவர்கள் 12 லட்சத்துக்கும் மேல். ஆனால் அவ்வளவு பேரும் போய்ச் சேர்வது மெல்பர்ன் பார்க் என்ற ஒரே வளாகத்துக்கு. யாரா ஆற்றங்கரையில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறது அது. இங்கே இருபது வருஷமாக இருக்கிறேன், டென்னிஸுக்காக விக்டோரியா மார்க்கெட்டிலோ தாவரவியல் பூங்காவிலோ நெரிசல்பட்டதாக நினைவில்லை. மார்ச்சில் ஆல்பர்ட் பார்க் ஏரியைச் சுற்றி நடக்கிற கார் பந்தயம்தான் வேறு கதை. அதற்குச் சாலையையே மூடுவார்கள், சத்தம் பல தெரு தாண்டிக் கேட்கும். அந்த வாரம் பெற்றோரை அழைத்து வருகிறேன் என்றால் நானே வேண்டாம் என்பேன்.

சரி, அறைக்கு வருவோம். நகரின் நடுவில் தேடினால் விலையைப் பார்த்துவிட்டுப் பயணத்தையே ரத்து செய்துவிடுவீர்கள். பக்கத்து ஊரான ஜீலாங்கில் தங்குங்கள். ரயிலில் சதர்ன் கிராஸ் நிலையத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம். 2023 மார்ச் 31 முதல் விக்டோரியா மாநிலத்தின் வெளியூர் ரயில்களுக்கும் மெல்பர்ன் நகரத்துக்கு இருக்கும் அதே தினசரி உச்சவரம்புதான் கட்டணம். அதாவது ஜீலாங்கிலிருந்து வந்து, மெல்பர்ன் முழுக்கச் சுற்றிவிட்டுத் திரும்பினாலும், புறநகரில் தங்கியவர் கொடுக்கும் நாள் கட்டணத்துக்கு மேல் போகாது. ரயில், டிராம் கட்டணத்துக்கான மைக்கி கார்டு ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே கார்டை மூன்று பேருக்குத் தேய்க்க முடியாது. இன்னொரு லாபம், கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலைக்குப் போகிற நாள் ஜீலாங்கிலிருந்து கிளம்பினால் பாதி அலைச்சல் மிச்சம். ஆட்டம் பார்க்கிற நாளில் காரை வெளியே எடுக்காதீர்கள்.

அப்பாவுக்கு டென்னிஸ் தெரியாது, டிக்கெட் வீண் என்கிறீர்கள். 1989இல் இதே ஆஸ்திரேலியன் ஓபனின் இரண்டாம் சுற்றில், அப்போது உலகின் முதல் நிலையில் இருந்த, முந்தைய வருஷச் சாம்பியனான மாட்ஸ் விலாண்டரை நம்ம ரமேஷ் கிருஷ்ணன் தோற்கடித்தார். இதை அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். அந்தத் தலைமுறையில் பலருக்கு அது பேப்பரில் படித்த ஞாபகமாகவாவது இருக்கும். 2024இல் ரோஹன் போபண்ணா, தன் 43ஆம் வயதில், மாத்யூ எப்டனோடு சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்றதும் இங்கேதான்.

பிரதான அரங்கமான ராட் லேவர் அரங்கத்து டிக்கெட்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். மேல் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பதைவிட வீட்டு டிவியில் இன்னும் நன்றாகத் தெரியும். வளாகத்துக்குள் போய் வெளி மைதான ஆட்டங்களைப் பார்க்கிற கிரவுண்ட் பாஸ் போதும், அதுவும் பிரதான சுற்றின் முதல் வாரத்தில். அப்போதுதான் வெளி மைதானங்கள் எல்லாவற்றிலும் ஆட்டம் நடக்கும். கால் இறுதிக்குப் பிறகு பெரிய ஆட்டங்கள் அரங்கத்துக்குள் போய்விடும், பாஸின் மதிப்பு குறைந்துவிடும். வெளி மைதானத்தில் நாலைந்து வரிசை பெஞ்ச்தான். ஷூ தரையில் கிறீச்சிடுவது கேட்கும், பந்தைத் தவறவிட்டவர் தன் மொழியில் தன்னையே திட்டிக்கொள்வது கேட்கும். கோட்டருகே நடுவர்கள் நிற்க மாட்டார்கள். 2021 முதல் எல்லா மைதானத்திலும் கேமராதான் தீர்ப்பு சொல்கிறது, ‘அவுட்’ என்பதே பதிவு செய்த குரல். அம்மா முதல் தடவை திடுக்கிட்டு யார் கத்துவது என்று திரும்பிப் பார்ப்பார். ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள், பந்து ஓடும்போது எழுந்து நடக்கக் கூடாது.

உண்மையான தொல்லை வெயில். 2014 ஜனவரியில் தொடர்ந்து நாலு நாள் 41 டிகிரிக்கு மேல் போனது. நம்ம ஊர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று அப்பா சொல்வார், கேட்காதீர்கள். இங்கே வெயில் தோலைப் பொசுக்கும். தொப்பி, சன்ஸ்கிரீன், தண்ணீர் பாட்டில் மூன்றும் கையில் இருக்கட்டும் (கண்ணாடி பாட்டிலை உள்ளே விடமாட்டார்கள்). இப்போது வெப்ப அழுத்தத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை அளவுகோல் வைத்திருக்கிறார்கள், ஐந்தைத் தொட்டால் ஆட்டமே நிற்கும். அப்புறம், தெற்கிலிருந்து காற்று திரும்பினால் கொஞ்ச நேரத்திலேயே பதினைந்து, இருபது டிகிரி இறங்கிவிடும். அதனால் அதே பையில் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டரும் வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் போவது உத்தமம், ஜனவரியில் எட்டரை வரை வெளிச்சம் இருக்கும்.

ஆனால் இரவு ஆட்டத்துக்கு ஆசைப்படாதீர்கள். 2023இல் ஆண்டி மர்ரே ஆட்டம் முடிந்தபோது விடிகாலை மணி நாலு தாண்டிவிட்டது. வார நாளில் ஜீலாங் ரயில் அதுவரை உங்களுக்காகக் காத்திருக்காது.

ஃபிளிண்டர்ஸ் தெரு நிலையத்திலிருந்து ஆற்றோரமாக நடந்தால் பதினைந்து நிமிடத்தில் மைதானம். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் 70ஆம் எண் டிராம். மைதானத்துக்கு எதிரே பாலம் தாண்டினால் எம்.சி.ஜி. கிரிக்கெட் மைதானம். 2022 டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானுக்கு எதிராக கோலி 82 அடித்த இடம். ஆட்டம் இல்லாத நாளில் வழிகாட்டியோடு உள்ளே சுற்றிப் பார்க்கலாம். டென்னிஸ் பார்த்து அலுத்த அப்பாவுக்கு இதுதான் பிடிக்கும் என்பது என் கணிப்பு.

காரம் டவுன்ஸ் என்ற புறநகரில் இருக்கும் சிவ விஷ்ணு கோயிலுக்கு ஒரு காலை ஒதுக்குங்கள், அந்தப் பக்கம் டென்னிஸ் நடப்பதே தெரியாது. ஜனவரி 26 அரசு விடுமுறை, அன்று நகருக்குள் சில கடைகள் மூடியிருக்கலாம்.

விமான டிக்கெட்டைவிட முதலில் அறையைப் பிடியுங்கள், இலவசமாக ரத்து செய்ய முடிகிற அறையாகப் பார்த்து. தேதி முடிவானதும் சொல்லுங்கள், எந்த நாளுக்கு பாஸ் வாங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.