இன்று எடுத்த முட்டை பத்து நாளுக்கு முன்பே உருவாகத் தொடங்கியது: மருந்து கொடுத்த கோழியின் முட்டை குறித்த கேள்வி பதில்

மருந்து கொடுத்த கோழி, பூச்சி மருந்து அடித்த கூண்டு, அதிலிருந்து வரும் முட்டை. இதைப் பற்றி நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. கோழி வைத்தியத்திலேயே காலத்தைக் கழித்த கால்நடை மருத்துவர் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பதில்களில் ‘விலக்குக் காலம்’ என்ற சொல் அடிக்கடி வரும். கடைசி வேளை மருந்து கொடுத்த பிறகு, முட்டையை மறுபடி சாப்பிடலாம் என்று சொல்லப்படும் நாள் வரையுள்ள இடைவெளிதான் அது.

கேள்வி: டாக்டர், கோழிக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகியது. தெரிந்தவர் ஒருவர் சொன்னதால் என்ரோஃப்ளாக்சசின் மருந்தைத் தண்ணீரில் கலந்து ஐந்து நாள் கொடுத்தேன். நன்றாகிவிட்டது. நிறுத்தி இரண்டு நாள் ஆகிறது. இன்றைக்கு வந்த முட்டையைச் சாப்பிடலாமா?

வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்தால் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்வீர்கள்.

கோழி முட்டையை ஒரே நாளில் செய்துவிடுவதில்லை. சினைப்பையில் மஞ்சள் கருக்கள் திராட்சைக் கொத்துபோலத் தொங்கும். ஒன்று பெரியது, அடுத்தது அதைவிடச் சிறியது, அதற்கடுத்தது இன்னும் சிறியது. ஒவ்வொரு கருவும் கடைசிப் பத்து நாளில்தான் வேகமாகப் பருக்கிறது. அந்த நாட்களில் கோழியின் இரத்தத்தில் என்ன ஓடுகிறதோ அதுவும் கொழுப்போடு சேர்ந்து உள்ளே போய்ப் படிகிறது. கரு முற்றிக் குழாய்க்குள் விழுந்த பிறகு வெள்ளைக் கரு சுற்றிக்கொள்ள மூன்று மணி நேரம் போதும். ஓடு கட்ட ஏறக்குறைய இருபது மணி நேரம்.

ஆக, இன்றைக்கு நீங்கள் கையில் எடுத்த முட்டையின் மஞ்சள் கரு, கோழி மருந்துத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த அதே நாட்களில் வளர்ந்தது. கோழி குணமான தேதியை வைத்து முட்டையைக் கணக்கிட முடியாது. வெள்ளைக் கருவில் மருந்து சீக்கிரம் குறையும், மஞ்சள் கருவில் நாள் கணக்கில் நிற்கும்.

உங்கள் மருந்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. மனிதர் சாப்பிடும் முட்டை தரும் கோழிகளுக்கு என்ரோஃப்ளாக்சசினை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. அமெரிக்கா 2005இல் எல்லாக் கோழிகளுக்குமே அதன் அனுமதியை விலக்கிக்கொண்டது. மனிதருக்கு வயிற்றுப்போக்கு தரும் கேம்பிலோபாக்டர் கிருமி அந்த மருந்துக்கு அடங்காமல் போனதுதான் காரணம். முட்டைக்கென்று விலக்குக் காலமே எழுதப்படாத மருந்து என்றால் ‘இத்தனை நாள்’ என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது. என் வீட்டுக் கோழியாக இருந்தால் கடைசி வேளையிலிருந்து மூன்று வாரமாவது முட்டையை ஒதுக்குவேன். உங்கள் மருத்துவர் அதைவிட அதிகம் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

கேள்வி: நன்றாக வேகவைத்தால் மருந்து போய்விடாதா?

போகாது. வேகவைத்தால் சாவது கிருமி. மருந்து கிருமியல்ல. சில மருந்துகள் சூட்டில் ஓரளவு சிதையும், பல அப்படியே நிற்கும். சிதைந்த பிறகு என்னவாகிறது என்பதும் மருந்துக்கு மருந்து மாறும். அவித்தாலும் பொரித்தாலும் முட்டையைக் காப்பாற்ற முடியாது.

கேள்வி: பாட்டிலில் ‘மனித உணவுக்கான முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுக்கக் கூடாது’ என்று இருக்கிறது. இதை எத்தனை நாள் என்று எடுத்துக்கொள்வது?

நாள் கணக்கே கிடையாது. ‘கொடுக்காதே’ என்று மட்டும்தான் பொருள். இறைச்சிக்கு எழுதியிருக்கும் நாட்களை எடுத்து முட்டைக்குப் போட்டுக்கொள்பவர்களைப் பார்க்கிறேன், அது தவறு. தசையிலிருந்து மருந்து வெளியேறும் வேகம் வேறு, மஞ்சள் கருவிலிருந்து விலகும் வேகம் வேறு.

கேள்வி: குடற்புழுவுக்கு எதைக் கொடுத்தால் முட்டையை வீணாக்க வேண்டாம்? வீட்டில் ஆட்டுக்கு வாங்கிய மருந்து இருக்கிறது.

ஃபென்பெண்டசோல், ஃப்ளூபெண்டசோல் இரண்டுக்கும் கோழிக்கென்றே தயாரித்த வடிவங்கள் உண்டு. அவற்றில் முட்டைக்கு விலக்குக் காலம் ‘பூஜ்யம்’ என்று பல நாடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. பூஜ்யம் என்றால் முட்டையில் மருந்தே இருக்காது என்றல்ல. இருப்பது அனுமதித்த அளவுக்குள் இருக்கும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தச் சோதனை அந்த வடிவத்துக்கும் அந்த அளவுக்கும் மட்டுமே பொருந்தும். கோழிக்கான ஃபென்பெண்டசோல் அளவு உடல் எடை ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம், ஐந்து நாள். ஆட்டு மருந்தைக் கண்ணளவில் ஊற்றினால் அந்தப் பூஜ்யம் உங்களுக்குச் செல்லாது.

ஐவர்மெக்டினைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். அது கொழுப்பில் கரைகிற மருந்து, நேராக மஞ்சள் கருவில் போய் உட்காரும். முட்டைக்கோழிக்கு வேண்டாம்.

கேள்வி: இரத்தக் கழிச்சலுக்கு ஆம்ப்ரோலியம் கொடுக்கிறோம். முட்டை?

தனி ஆம்ப்ரோலியம் என்றால் பெரும்பாலான இடங்களில் முட்டைக்கு விலக்குக் காலம் பூஜ்யம். லேபிளை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதோடு சல்ஃபா மருந்து கலந்த பொட்டலங்களும் கிடைக்கின்றன, அவை முட்டைக்கோழிக்கு ஆகாது. சல்ஃபா முட்டையில் தங்குவதோடு முட்டை ஓட்டையும் மெலிதாக்கும். இன்னொன்று, ஆம்ப்ரோலியம் பி1 வைட்டமினின் சாயலில் வந்து ஒட்டுண்ணியை ஏமாற்றுகிற மருந்து. அதே நேரத்தில் சத்து மருந்து என்று பி1 கொடுத்தால் வைத்தியமே பலிக்காது.

கேள்வி: கூண்டில் செள்ளு தாங்க முடியவில்லை. நாய்க்குப் போடும் உண்ணி மருந்தைக் கோழியின் கழுத்தில் ஒரு சொட்டு விட்டேன். கூண்டிலும் கரப்பான் மருந்து அடித்தேன். முட்டையின் உள்ளே இதெல்லாம் போகுமா?

போகும். தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள். நாய் மருந்துகள் பலவற்றிலும் கரப்பான் மருந்துகள் சிலவற்றிலும் இருப்பது ஃபிப்ரோனில். 2017இல் ஐரோப்பாவையே உலுக்கிய முட்டை விவகாரம் இதே மருந்தால் வந்ததுதான். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கோழிச் செள்ளுக்கென்று, தாவர எண்ணெய்களால் ஆனது என்று சொல்லி விற்ற ஒரு மருந்தில் ஃபிப்ரோனிலைச் சட்டவிரோதமாகக் கலந்திருந்தார்கள். பண்ணைக்காரர்கள் பலருக்கு அது தெரியவே தெரியாது. கொட்டகையில்தான் அடித்தார்கள், கோழிக்கு யாரும் ஊட்டவில்லை. ஆனாலும் முட்டையில் வந்தது. லட்சக்கணக்கான முட்டைகளைக் கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள், ஏராளமான கோழிகளைக் கொன்றார்கள். முட்டையில் இருக்கலாம் என்று அங்கே அனுமதித்த அளவு கிலோவுக்கு 0.005 மில்லிகிராம்தான். அவ்வளவு குறைவான வரம்பை மீறுவதற்கு ஒரு சொட்டே போதும்.

இந்த மருந்து தோல் வழியாகவும், இறகைக் கோதும்போது வாய் வழியாகவும் உள்ளே போய்க் கொழுப்பில் தேங்கிக்கொள்ளும். கோழி ஒவ்வொரு மஞ்சள் கருவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அதை வெளியே தள்ளும். அதனால் நாள் கணக்கு உதவாது, வாரங்களும் மாதங்களுமாக நீளும். உங்கள் கோழிகளின் முட்டையை இப்போதைக்கு முழுவதும் நிறுத்துங்கள். மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் எழுதிக்கொண்டு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். வசதி இருந்தால் ஆய்வகத்தில் முட்டையைச் சோதித்துப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி.

செள்ளுக்கு என்ன செய்வது? சிவப்புச் செள்ளு பகலில் கோழியின் மேல் இருக்காது. கட்டையின் இடுக்கிலும் ஆணி ஓட்டையிலும் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். எனவே கூண்டைக் காலி செய்து, பழைய படுக்கையை எரித்து, இடுக்குகளைக் கொதிநீரால் அலசுவதே பாதி வைத்தியம். அதன்பின் கோழிக்கென்று அனுமதித்த பெர்மெத்ரின் போன்ற மருந்தை, லேபிளில் சொன்னபடி பயன்படுத்துங்கள். தண்ணீரில் கொடுக்கும் ஃப்ளூரலானர் என்ற செள்ளு மருந்துக்கு முட்டைக்கான விலக்குக் காலம் பூஜ்யம். ஏழு நாள் இடைவெளியில் இரண்டு முறை கொடுப்பார்கள். அது உங்கள் பகுதியில் அனுமதிக்கப்பட்டதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: மருந்து அடிக்கும்போது கூட்டில் இருந்த நான்கு முட்டைகள் மேலும் பட்டுவிட்டது. கழுவினால் போதுமா அக்கா?

போதாதும்மா, எறிந்துவிடு. முட்டை ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன. கழுவும்போது மேல் பூச்சு கரைந்து, மேலே பட்டது உள்ளே இறங்க இன்னும் வசதியாகிவிடும். அடுத்த முறை முட்டை, தீவனம், தண்ணீர் மூன்றையும் வெளியே எடுத்துவிட்டுத்தான் மருந்துக் கலனைத் தொட வேண்டும்.

கேள்வி: எட்டுக் கோழியில் ஒன்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தேன். எந்த முட்டை அதனுடையது என்று தெரியவில்லை.

தெரியவில்லை என்றால் எட்டின் முட்டையும் ஒதுக்க வேண்டியதுதான். நோயாளிக் கோழியை முதல் நாளே தனிக்கூண்டில் வைத்தால் இந்த நட்டமில்லை. தண்ணீரும் தனியாக இருக்கட்டும். எச்சத்தைக் கிளறித் தின்னும் பழக்கம் கோழிக்கு உண்டு, அந்த வழியாகவும் மருந்து மற்றவற்றுக்குப் போகும்.

கேள்வி: ஒதுக்கிய முட்டையை நாய்க்கோ கோழிகளுக்கோ போடலாமா?

கோழிக்குப் போட்டால் மருந்து திரும்ப அதற்குள்ளேயே போகிறது. நாய்க்கும் வேண்டாம். ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள்.

கேள்வி: தடுப்பூசி போட்டால்?

தடுப்பூசிகளில் பெரும்பாலானவற்றுக்கு முட்டைக்கான விலக்குக் காலம் பூஜ்யம். பயப்பட வேண்டாம்.

கேள்வி: இன்னும் முட்டையிடத் தொடங்காத பெட்டைக்கு மருந்து கொடுத்தால் பிரச்சினை இல்லைதானே?

முதல் முட்டை எப்போது என்பதைப் பொறுத்தது. அந்த முதல் மஞ்சள் கருவும் பத்து நாளுக்கு முன்பே பருக்கத் தொடங்கியிருக்கும். அதனால்தான் சில லேபிள்களில் ‘முட்டையிடத் தொடங்கும் முன் இத்தனை வாரத்துக்குள் கொடுக்காதே’ என்று இருக்கும். கொண்டை சிவந்து, தொட்டால் பதுங்கி உட்காரும் பெட்டையை முட்டைக்கோழியாகவே கணக்கில் எடுங்கள்.

கேள்வி: தெரியாமல் குழந்தைக்கு இரண்டு முட்டை கொடுத்துவிட்டேன் டாக்டர். தூக்கமே வரவில்லை.

இரண்டு முட்டையில் இருக்கும் மருந்தால் குழந்தைக்கு உடனே ஆபத்து வருவது மிக அரிது. வரம்புகள் வாழ்நாள் முழுவதும் தினமும் சாப்பிடுவதை மனதில் வைத்தே போடப்படுகின்றன. இரண்டு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். குழந்தைக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருந்து, கோழிக்கு அந்த வகை மருந்து கொடுத்திருந்தால், உடலில் தடிப்போ முக வீக்கமோ மூச்சுத் திணறலோ வந்தவுடன் மருத்துவமனைக்கு ஓடுங்கள். கொடுத்தது குளோராம்ஃபெனிகால் என்றால், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்றை யாரும் வகுக்கவில்லை. குழந்தையின் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அந்த மருந்தைக் கோழிக்கு இனி ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் கோழிக்கு வயதாகிவிட்டது, எப்போதாவதுதான் முட்டையிடும். முட்டை போய்விடுமே என்று வைத்தியத்தைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள் வீட்டில். மனது கேட்கவில்லை.

தள்ளிப்போடாதீர்கள். மூச்சிரைக்கிற உயிரை முட்டைக்காகக் காக்க வைக்கக் கூடாது. மருத்துவரிடம் காட்டுங்கள், அவர் எழுதும் மருந்தைக் குறித்த நாள் வரை முழுமையாகக் கொடுங்கள். காலில் ஒரு வண்ண வளையம் போட்டுவிடுங்கள். கடைசி வேளையின் தேதியைக் கூண்டின் கதவிலேயே எழுதி ஒட்டுங்கள், வீட்டில் யார் முட்டை எடுக்கப் போனாலும் கண்ணில் படும்படி.