நகையை அடகு வைக்கும் முன் மூன்று மின்விசிறிகளை மாற்றுங்கள்

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கிறோம். இரண்டு மாதத்துக்கு 440 யூனிட் வந்துகொண்டிருந்த மின்சாரம், இந்தக் கோடையில் 560 ஆனது. யூனிட் கால் பங்குதான் கூடியிருக்கிறது, தொகையோ ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. பொள்ளாச்சியில் இருக்கும் அக்காவுக்கு முதல் 100 யூனிட் இலவசம். நகையை அடகு வைத்து 3 கிலோவாட் சோலார் போடலாமா?

பதில்: வேண்டாம் அம்மா, இப்போதைக்கு நகையில் கை வைக்காதீர்கள்.

உங்கள் பில் எகிறியதற்கு மீட்டர் கோளாறு காரணமில்லை. கேரளத்தில் வீட்டு உபயோகம் மாதம் 250 யூனிட்டுக்குள், அதாவது இரண்டு மாதத்துக்கு 500க்குள் இருக்கும்வரை, முதல் யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை, அடுத்தடுத்தவற்றுக்குப் படிப்படியாகக் கூடுதல் விலை. 500ஐத் தாண்டினால் அந்தப் படிகளே இல்லை. முதல் யூனிட்டிலிருந்து அத்தனைக்கும் ஒரே உயர்ந்த விலை. நீங்கள் கூடுதலாகச் செலவழித்தது 120 யூனிட். உயர்ந்த விலையோ 560க்கும் விழுந்தது. அக்காவும் கவனமாக இருக்கட்டும்: தமிழ்நாட்டிலும் 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான மலிவு விலை போய்விடும்.

ஆகவே உங்கள் குறி 500க்குக் கீழே வருவது மட்டுமே. பழைய மின்விசிறி ஏறக்குறைய 75 வாட் இழுக்கும், மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. (BLDC) மின்விசிறி 30 வாட்டில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு மின்விசிறியில் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மிச்சம். மூன்றை மாற்றினால் 97. உங்கள் 560, 463 ஆகிவிடும்! ஒன்று மூவாயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. மூன்றையும் சேர்த்து வாங்க முடியாவிட்டால், இரவு முழுக்க ஓடும் படுக்கையறை விசிறியை முதலில் மாற்றுங்கள். 2000 வாட் வெந்நீர் ஹீட்டர் தினம் அரை மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். பாலக்காட்டுக் கோடையில் அதற்கு வேலையே இல்லை. ஏ.சி. இருந்தால் 24 டிகிரிக்குக் கீழே இறக்காதீர்கள்.

சோலாரை நான் தடுக்கவில்லை, வரிசையைத்தான் மாற்றச் சொல்கிறேன். ஒரு கிலோவாட் பலகை நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும்; 2 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்குச் சுமார் 480. செலவு 463க்கு இறங்கிய வீட்டுக்கு 2 கிலோவாட்டே போதும். மூன்றுக்குப் பணம் போடுவது வீண். 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், மூன்றுக்கு 78,000 ரூபாய் மானியம். ஆனால் பலகை பொருத்தி மின்சாரம் வரத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரை முழுத் தொகையும் உங்கள் பொறுப்பு. இதே திட்டத்தில் 3 கிலோவாட் வரை பிணையில்லாத வங்கிக் கடன் உண்டு. தொடக்கத்தில் ஏறத்தாழ 7% வட்டி என அறிவித்தார்கள். நகைக்கடன் வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விண்ணப்பிக்கும் முன் காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் மொட்டை மாடிக்குப் போய், தென்னை நிழல் எங்கே விழுகிறது என்று பார்த்துவிடுங்கள்.